வீட்டுக் கணிப்பொறியும் சதுரங்கமும்

சதுரங்க வேந்தர் காஸ்பரோவ் 1997-இல் டீப் புளூ என்னும் பெரும்பொறியிடம் தோற்றதை அன்பர் யாவரும் அறிவர். வீட்டுக் கணிப்பொறி அடைந்த ஆற்றலே அதனினும் வியப்புக்குரியது என்போம்.

1980-களின் தொடக்கத்தில் டேவிட் ஹார்ன் என்பார், சின்க்ளேர் நிறுவனத்தாரின் இசட்.எக்ஸ். 81 என்னும் சிறுபொறிக்கு 672 பைட்டுகளில் ஒரு சதுரங்க நிரல் இயற்றினார். கோட்டை கட்டுதலை அது அறியாது. சிப்பாய்க்குப் பதவி உயர்வும் இல்லை. (அச்சிப்பாயின் துயரம் எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்கு விளங்கும்!) ஓரளவு பழகிய சிறுவரும் அதனை வெல்லலாம்.

பன்னிரண்டு ஆண்டளவே சென்றது. 1994-இல் இலண்டனில் நடந்த விரைவாட்டப் போட்டியில், பென்டியம் சில்லு பொருந்திய மேசைக் கணிப்பொறியில் இயங்கிய செஸ் ஜீனியஸ் நிரல், அதே காஸ்பரோவை வீழ்த்தியது. அரையிறுதியில் அந்நிரலை 2-0 என வென்றவர், அன்று 24 வயதினரான நம் விசுவநாதன் ஆனந்த்.