ஏலக்காய் ஸ்டோரும் குளிர்நாட்டு வீடும்

ஏலக்காய் என்றதும் நமக்குப் பாயசமும் டீயும்தான் ஞாபகத்துக்கு வரும். போடிநாயக்கனூர் வியாபாரிகளுக்கோ முதலில் ஞாபகம் வருவது அதன் பச்சை நிறம். நல்ல பச்சை இருந்தால்தான் ஏலத்தில் நல்ல விலை. (ஏலக்காய்க்கே ஏலம்!) அந்த நிறத்தைக் காப்பாற்றுவது குளிர்ந்த மலையில் சூட்டைப் பிடித்து வைக்கும் ஒரு கட்டடம். மலையில் அதற்கு 'ஸ்டோர்' என்று பெயர்.

போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறினால், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலை. 1897-ல் திருவிதாங்கூர் அரசு அதைக் காப்புக்காடாக அறிவித்தது. ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும்.

பறித்த காயில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அதை 10-12 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அறுவடைக் காலத்தில் மழையும் பனியும் வேறு. அதனால் வந்ததுதான் ஸ்டோர். வெளியே விறகு அடுப்பு. அதன் புகை தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி, புகைபோக்கியில் வெளியேறும். புகை காயில் படாது, குழாயின் சூடு மட்டும் படும். சுமார் 45 முதல் 55 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் உலர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். செடிக்கு நிழல் தருவதும் மரம், அடுப்புக்கு விறகு தருவதும் மரம். கதவு இடுக்கிலும் கூரையிலும் சூடு கசிந்தால், அந்த அளவுக்கு மரம் கூடுதலாக எரிகிறது என்று அர்த்தம்.

குளிர்நாட்டு வீடுகளின் கதையும் இதே விறகில்தான் ஆரம்பிக்கிறது. 1744-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் புதுமாதிரி வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஊருக்குப் பக்கத்தில் விறகு தீர்ந்து விலை ஏறியிருந்த காலம் அது. பழைய அடுப்பில் பெரும்பகுதிச் சூடு புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்பதுதான் அவருடைய வாதம்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கவனம் அடுப்பிலிருந்து சுவருக்குத் திரும்பியது. 1977-ல் கனடாவின் ரெஜைனா நகரில் தடித்த சுவர்களோடு, காற்றுக் கசியாத ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். ஆனால் இறுக மூடிய வீட்டில் ஈரமும் கெட்ட காற்றும் தங்கிவிடும். எனவே வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவியையும் பொருத்தினார்கள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இதே பிரச்சினைதான். முழுக்க மூடினால் ஈரம் தங்கிக் காய் கெடும். முழுக்கத் திறந்தால் விறகு வீண். அதனால் முதல் சில மணி நேரம் காற்றுப்போக்கியைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுவார்கள், காய் உலர உலர மூடுவார்கள். காய்ந்த விறகு, கசியாத கதவு, சூடு கடத்தாத சுவர், சூட்டைச் சீராகப் பரப்பும் மின்விசிறி ஆகிய நான்கும் இருந்தால் விறகு மிச்சமாகும்.

ரெஜைனாவில் மிச்சமானது எரிபொருள் செலவு. ஏலமலையில் மிச்சமாவது மரம். அந்த மரம் நின்றால்தான் அடுத்த வருடமும் செடிக்கு நிழல் இருக்கும், போடிக்குக் காய் வரும்.