ஆறு மஞ்சள் மாதிரிகள்

1986 பிப்ரவரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலையில் எலிசா பரிசோதனையைத் தொடங்கியவர்கள், நண்பகலில் கரண்ட் போனதும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது. அந்த ரத்தம் மெட்ராஸ் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளுடையது.

அதை எடுத்து வந்தவர் செல்லப்பன் நிர்மலா. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி, வயது 32. தலைப்பைக் கொடுத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அது அமெரிக்காக்காரன் வியாதி, நம்மூருக்கெல்லாம் வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். கையுறை இல்லாமல் ரத்தம் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ராத்திரி ரயிலில் கணவரோடு காட்பாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சாகசக் கதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பிற்காலப் பேட்டியில் நிர்மலாவே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்வது சுலபம். அன்று முடிவைச் சொல்லியிருந்தாலும் கையில் கொடுக்க ஒரு மாத்திரைகூடக் கிடையாது என்பதையும் சேர்த்தே யோசிக்கணும்.

அடுத்து நடந்ததுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. தொற்று உறுதியான பெண்களைக் காப்பகத்தை விட்டு வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990ல்தான் விடுதலை உத்தரவு வந்தது. அதே ஆண்டு பம்பாயில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ரயிலேற்றி மெட்ராஸுக்கு அனுப்பி, கட்டாயமாகச் சோதித்தார்கள். பரிசோதனைன்னா ஜெயில் என்று ஆகிவிட்டால் யார் தானாக வந்து கையை நீட்டுவார்கள்?

நான் இருக்கும் அவிநாசியை ஒட்டித்தான் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை போகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும். தொண்ணூறுகளில் விழிப்புணர்வுக்காரர்கள் முதலில் தேடிப்போனவர்களில் லாரி ஓட்டுநர்களும் உண்டு. 2017 தேசியக் கண்காணிப்பில் கர்ப்பிணிகளிடம் 0.28 சதவீதம், லாரி ஓட்டுநர்களிடம் 0.86, பெண் பாலியல் தொழிலாளிகளிடம் 1.56, ஊசி வழியே போதை எடுப்பவர்களிடம் 6.26. வித்தியாசம் நிஜம்தான். ஆனால் 'அதிக ஆபத்துள்ள குழு' என்ற பெயர் ஊர் வாய்க்கு வரும்போது, ஆபத்தில் இருப்பவர் என்பது ஆபத்தானவர் என்று திரிந்துவிடுகிறது. நம்ம பக்கம் அதற்கு மேல் இன்னொரு பயம்: தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துட்டா?

பல வருஷம் கர்ப்பிணிகளிடம் நடந்த கணக்கெடுப்புக்கு வேறொரு முறை. வேறு சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதைப் பெயரை நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள். மென்பொருள்காரனாக எனக்கு இது நன்கு பழகிய ஏற்பாடு. அடையாளம் அழித்த தரவு. மாநிலத்துக்கு எண் கிடைக்கும், அந்தப் பெண்ணுக்கு எதுவும் கிடைக்காது. 2001ல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டியதை இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

நிலைமையை மாற்றியதில் மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 2004 ஏப்ரல் 1ல் அரசு இலவசக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதன் பிறகுதான் முடிவைத் தெரிந்துகொள்வதில் அந்த ஆளுக்கும் ஒரு லாபம் வந்தது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பரிசோதனை இடத்துக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர். ஆலோசகர் முதலில் பேசுவார், சம்மதம் கேட்பார், பிறகுதான் ஊசி. மூன்று வெவ்வேறு சோதனைகளில் தெரிந்தால்தான் தொற்று என்று சொல்வார்கள். அதன் பின்னும் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

2018 செப்டம்பர் 10ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. பெயரில்லாத கணக்கெடுப்புக்கு விலக்கு உண்டு. அங்கேயும், எதற்காக இந்த ஆய்வு என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லியாக வேண்டும்.