பிஷப் சுட்ட கரி!

சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தம் என்றதுமே பட்டாசு ஞாபகம் வருகிறது இல்லையா? பட்டாசுத் திரியில் இருக்கும் கறுப்பு மருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பல நூற்றாண்டுகளாக ஏறக்குறைய இதே கணக்குதான்! இதில் கரியை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 'அடுப்புக்கரிதானே' என்ற அலட்சியம்! ஆனால், கரி சரியில்லை என்றால் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

விறகைத் திறந்தவெளியில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். காற்றைக் கொடுக்காமல் சுட்டால்தான் கரி. விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் போனால் கரிமூட்டங்களைப் பார்க்கலாம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் போர்த்தி, மேலே ஈரமண்ணைப் பூசி, அடியில் சில துளைகள் விட்டு, தீ வைக்கிறார்கள். (இந்த மரத்தைக் கொண்டுவந்தது காமராஜர் என்று ஒரு கதை உண்டு. 1877-லேயே அது சென்னை மாகாணத்தின் கடப்பாவுக்கு வந்தாச்சு. காமராஜர் பிறந்ததோ 1903-ல்!)

மூட்டத்துக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. எல்லாம் புகையை வைத்துத்தான். கெட்டியாக வெள்ளைப் புகை வந்தால் விறகின் ஈரம் வெளியேறுகிறது என்று அர்த்தம். புகை மெலிந்து நீலமானால் அந்தப் பக்கம் கரியாகிவிட்டது. உடனே அங்கே துளையை அடைக்க வேண்டும். சூடு சுமார் 280 டிகிரியைத் தாண்டினால் விறகு தானாகவே வெப்பத்தைக் கக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் மண்ணில் ஒரு வெடிப்பு விழுந்து, காவல் இருப்பவர் ராத்திரி கொஞ்சம் அசந்துவிட்டால், பல நாள் உழைப்பு சாம்பல்! பழைய டிரம்மில் துளை போட்டு இறைச்சியைப் புகையில் வேக வைக்கிறார்களே, அங்கேயும் இதே சூத்திரம்தான். சுமார் 110 டிகிரி போதும். அடித்துளையைத் திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும். 'வெந்துவிட்டதா' என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால், காற்று புகுந்து நெருப்பு கிளம்பிவிடும்.

ஐரோப்பாவிலும் வெடிமருந்துக் கரியை மூட்டம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஓரத்தில் கருகியும் உள்ளே அரைகுறையாகவும் வெந்த கரி! 1787-ல் இங்கிலாந்து அரசு இதற்கு யோசனை கேட்டது யாரிடம் தெரியுமா? ரிச்சர்ட் வாட்சன் என்ற பிஷப்பிடம்! அவர் முன்பு கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியர். 1764-ல் அந்தப் பதவி கிடைத்தபோது அவருக்கு வேதியியலில் அட்சரம் தெரியாது என்பது தனி வேடிக்கை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தார்!

வாட்சன் சொன்ன யோசனை எளிமையானது. மண்ணுக்குப் பதில் இரும்பு உருளை. விறகை உள்ளே போட்டு மூடி, நெருப்பை வெளியே வைக்க வேண்டும். வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. புகையும் தாரும் குழாய் வழியாக வெளியேறிவிடும். கரி முழுக்க ஒரே பதத்தில் கிடைத்தது. மருந்தின் வேகம் கூடியதால், பீரங்கிக்கு முன்பைவிடக் குறைவான மருந்தே போதுமானதாக இருந்தது.

கிறிஸ்தவ பிஷப்பாக இருந்துகொண்டு மனிதனைக் கொல்ல வழி சொல்லிவிட்டோமே என்று வாட்சனுக்கு உறுத்தல். மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடமே சொல்லி வருத்தப்பட்டார். மன்னர் தேற்றினார் - சண்டை எவ்வளவு வேகமாக முடிகிறதோ, அவ்வளவுக்குச் சாவு குறைவு என்று!

1793-ல் பிரான்ஸுடன் தொடங்கிய போர் முடிந்தது 1815-ல். நடுவில் கொஞ்ச காலம்தான் ஓய்வு. வேகமான மருந்தோடு, 22 ஆண்டுகள்!