சர்க்கம்ஸ்டான்சஸ்: ஆங்கிலத்தின் சூழ்நிலைத் தொடர்கள்

சூழ்நிலையைக் குறிக்கும் 'சர்க்கம்ஸ்டான்சஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'இன்' வர வேண்டுமா, 'அண்டர்' வர வேண்டுமா என்பது நெடுநாள் வழக்கு. சுற்றி நிற்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. சுற்றி நிற்பவற்றின் நடுவே இருக்கலாம், அடியில் எப்படி இருப்பது என்று கேட்டார்கள் கண்டிப்பானவர்கள். 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் எச்.டபிள்யூ. ஃபௌலர் இந்த ஆட்சேபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளினார். சரியான தீர்ப்புதான்: 'அண்டர்' வடிவம் 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது; நெருக்கடி மனிதரை அழுத்துவதையும் அது நன்றாக உணர்த்துகிறது.

இன்று இரண்டும் செல்லும். நிலையை மட்டும் சொல்ல 'இன்', நிலை செயலைக் கட்டுப்படுத்தும்போது 'அண்டர்' என்று சிலர் பிரித்து எழுதுகிறார்கள்.

எந்த நிலையிலும் கூடாது என்று தடுக்கும்போது பெரிதும் வருவது 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டான்சஸ்'. இது வாக்கியத்தின் தலையில் அமர்ந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும்: 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டான்சஸ் ஷுட் யூ ஓபன் த டோர்'. கதவைத் திறக்கவே கூடாது என்ற கண்டிப்பை இந்த வரிசை மாற்றம் கூட்டுகிறது. பிறமொழிக்காரர்கள் 'யூ ஷுட்' என்றே எழுதித் தடுமாறுவது இங்கேதான்.

வசதி குறைந்த வாழ்வைக் கௌரவமாகச் சொல்ல 'ரெட்யூஸ்ட் சர்க்கம்ஸ்டான்சஸ்' உண்டு. தண்டனையைத் தணிக்கும் காரணங்களுக்கு நீதிமன்றம் 'எக்ஸ்டெனுவேட்டிங்' சேர்க்கும்.