விற்ற நிரலும் விற்காத மூலமும்: பதிப்புரிமைச் சட்டத்தில் ‘தழுவல்’

வணிக மென்பொருளை மூலநிரலோடு விற்க வேண்டுமா என்பதை விற்பவரின் விருப்பம் என்றே நம் சட்ட ஆய்வாளர் பலர் ஒதுக்கிவிட்டனர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவை அவர்கள் படித்த விதமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். வாங்கியவர் நிரலைக் கணினியில் ஏற்றலாம், காப்புப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்கிறார்கள். பிரிவின் வாசகம் அத்தனை குறுகியதன்று.

படி எடுப்பதோடு ‘தழுவல்’ செய்வதையும் அது அனுமதிக்கிறது. எந்த நோக்கத்துக்காக நிரல் வழங்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தும் பொருட்டு. ஏற்றுவது மட்டுமே கருத்தென்றால் ‘படி’ என்ற சொல்லே போதும். தழுவல் என்பது படைப்பை மாற்றியமைப்பதையும் திருத்துவதையும் உள்ளடக்கும் என்று 2(ஏ) பிரிவில் விரித்ததும், இந்த விலக்கைச் சேர்த்ததும் ஒரே 1994 திருத்தச் சட்டம். ஒரே கை எழுதிய இரண்டையும் பிரித்துப் படிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

குறுக்கிப் படிக்கும் பழக்கம் அமெரிக்கச் சட்டத்தின் 117ஆம் பிரிவிலிருந்து வந்திருக்கலாம். அங்கே தழுவல், நிரலைக் கணினியில் பயன்படுத்துவதற்கு இன்றியமையாத படிநிலையாக இருக்க வேண்டும். உரிமையும் படியின் ‘உரிமையாளருக்கே’. நம் சட்டத்தில் அந்தப் படிநிலைக் கட்டுப்பாடு இல்லை. உரிமையாளர் என்றும் சொல்லவில்லை. சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர் என்றே சொல்கிறது. ஆகவே ‘விற்கவில்லை, உரிமம்தான் தந்தோம்’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

நெய்க்காரப்பட்டியில் ஒரு வெல்ல மண்டியில் பார்த்ததைச் சொன்னால் ‘வழங்கப்பட்ட நோக்கம்’ விளங்கும். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய வெல்லத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, லேபிள் இல்லாத சிப்பத்துக்கு வரி கிடையாது. மண்டியின் பில் மென்பொருளிலோ வெல்லம் ஒரே சரக்கு. அதற்கு வரி இல்லை என்பது நிரலுக்குள்ளேயே பதிந்திருந்தது. எழுதிக்கொடுத்த நிறுவனம் தொழிலை விட்டுப் போயிருந்தது. கணக்குப்பிள்ளை பொட்டலங்களுக்குத் தனியாகக் கையால் பில் போட்டு, ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த மென்பொருள் வழங்கப்பட்டது சட்டப்படி பில் போட. அதற்காகத் திருத்தும் உரிமையைச் சட்டம் மண்டிக்காரருக்குத் தந்திருக்கிறது. அவர் கையில் இருந்ததோ இயந்திரக் குறி மட்டும்.

உரிமை தந்ததாலேயே மூலநிரலைக் கொடுக்கும் கடமை விற்பவருக்கு வந்துவிடாது என்பார்கள். சரிதான், இன்றைய சட்டம் அந்தக் கடமையை விதித்ததாக நானும் சொல்லவில்லை. ஆனால் திருத்தலாம் என்று சொல்லி, திருத்துவதற்கான ஒரே வசதியான வடிவத்தை மறைக்க விடுவது அந்த உரிமையைக் காகிதத்தோடு நிறுத்திவிடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் டாப் சிஸ்டம் வழக்கில், பிழை திருத்துவதற்காக நிரலைப் பிரித்துப் படிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டென்றது. பெரிய அலுவலகங்களுக்கு அது உதவும். இயந்திரக் குறியைப் பிரித்துப் படிக்கும் ஆளுக்கு மண்டிக்காரர் எங்கே போவார்?

மூலத்தைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்ற அச்சம் நெடுநேரம் பேசத் தக்கதன்று. மூலநிரலும் இலக்கியப் படைப்பாகவே காக்கப்படுகிறது. மறுவிற்பனை செய்தால் அது மீறல்தான். இலவசமாகக் கொடு என்றோ உலகுக்குத் திறந்து வை என்றோ இங்கே கேட்கவில்லை. விலை கொடுத்தவருக்கு மட்டும் கொடுத்தால் போதும். மூலத்தை மூன்றாமவரிடம் ஒப்படைத்து வைக்கும் எஸ்க்ரோ ஏற்பாடு இருக்கிறதே என்றால், அது ஒப்பந்தம் பேச வக்கீல் வைக்க முடிந்தவர்களுக்கானது.

2021இல் திருத்தப்பட்ட பதிப்புரிமை விதிகளின்படி, நிரலைப் பதிவு செய்ய விரும்புபவர் மூலநிரலின் முதல் 10 பக்கங்களையும் கடைசி 10 பக்கங்களையும் மறைப்பின்றிப் பதிவாளரிடம் தர வேண்டும். பதிவாளர் அதை இயக்கப் போவதில்லை, திருத்தப் போவதுமில்லை. இயக்கித் திருத்த வேண்டியவருக்கு அதில் ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. 52(1)(ஏஏ) பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, நிரலோடு மூலத்தையும் தர வேண்டும் என்றும், உரிம ஒப்பந்தம் இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றும் எழுதுவதே உடனடியாகச் செய்ய வேண்டிய திருத்தம். ஒப்பந்தம் பற்றி அப்பிரிவு இன்று வாய் திறக்கவில்லை; என் வாசிப்பின் மிகப் பலவீனமான இடமும் அதுதான்.