காற்று பிரிந்ததா? அறுவைக்குப் பிந்தைய மௌனம் குறித்து

குடல் அடைப்புக்காக என் தாயாருக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கருப்பையை எடுத்தபோது உள்ளே உண்டான ஒட்டுகள் சிறுகுடலை வளைத்து இழுத்திருந்தன. அவற்றைப் பிரித்துவிட்ட சர்ஜன் கைதேர்ந்தவர். அவர் திறமையில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி ஓர் இளம் மருத்துவர் கேட்டார்: "என்ன பாட்டி, காத்து பிரிஞ்சுதா?" அவரைச் சுற்றி ஐந்தாறு பேர், பெரும்பாலும் ஆண்கள். 68 வயது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "இல்லய்யா" என்றார். முந்தின நாள் இரவே பிரிந்திருந்தது.

கேஸ் ஷீட்டில் அந்த "இல்லை" ஏறியது. மூக்கில் போட்ட டியூப் அப்படியே இருந்தது. தண்ணீர்கூட வாய் வழியே கூடாது என்ற உத்தரவு இன்னொரு நாள் நீண்டது. வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அம்மா மெல்லச் சொன்னார்: "அத்தன ஆம்பளைய நிக்கையில அதப் போயி கேக்காவளே." அந்தக் கேள்வி எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று இரவு வராந்தாவில், பக்கத்து அறையில் தம்பிக்குத் துணையிருந்த ஒருவர்தான் விளக்கினார்: குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அது தெரிந்த பிறகுதான் தண்ணீர் கொடுப்பார்கள். தம்பிக்கு அது இரண்டாவது ஆபரேஷன். அந்த அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டது அது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நாளிலிருந்து புறப்படுகிறது. ஆபரேஷனுக்குப் பின் நோயாளி சந்திக்கும் மௌனத்தை நாம் வழக்கமாக மருத்துவரின் குணத்தோடு சேர்த்தே பேசுகிறோம். 'கைராசிக்காரர்தான், முகம் கொடுத்துப் பேசமாட்டார்' என்கிறோம். குறை குணத்தில் இருக்கிறது என்று கொண்டால் பரிகாரமும் குணத்தைத்தான் தேடும்: கனிவாகப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்ற அறிவுரையோடு காரியம் முடிந்துவிடும். என் வாதம் வேறு. விளக்கம் சொல்வது சிகிச்சையின் ஓர் உறுப்பு. ஊசி மருந்துக்கு வேளையும் அளவும் கொடுக்க வேண்டியவரும் இருப்பதுபோல அதற்கும் இருக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் அந்த வேலை யார் பொறுப்பிலும் எழுதப்படவில்லை. மௌனம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இதைக் கேட்கும் சர்ஜன்கள் பலர், "நான் சொன்னேனே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எப்போது, யாரிடம் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். மயக்கம் தெளிகிற அறையில் நோயாளியின் கன்னத்தைத் தட்டி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் பதற்றம் தணிக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் மிடசோலம் போன்ற மருந்துகள், கொடுத்த பின் நடப்பவை நினைவில் பதியாமல் செய்பவை. நோயாளி கண் திறந்து தலையசைப்பார், பதிலும் சொல்வார், மறுநாள் அதில் ஒரு சொல்லும் நினைவிருக்காது. சொன்னவர் சொன்னதாகவே நம்புகிறார். கேட்டவர் யாரும் சொல்லவில்லை என்றே நம்புகிறார். இருவர் சொல்வதும் உண்மை.

இரண்டாவது இடம் தியேட்டர் வாசல். "இன்னாருடைய அட்டெண்டர் ஓ.டி. வாசலுக்கு வரவும்" என்று மைக்கில் அழைப்பு வரும். உறவினர் கூட்டம் ஓடும். மாஸ்க்கைக் கீழே இறக்கிய சர்ஜன், எடுத்த கல்லையோ கட்டியையோ தட்டில் காட்டி, முன்னால் நிற்கிற ஆணிடம் இரண்டு வாக்கியம் சொல்வார். அந்த ஆண் அதைத் தான் புரிந்துகொண்ட அளவில், சொல்லலாம் என்று தனக்குத் தோன்றியதை மட்டும், கட்டிலுக்குக் கொண்டுவருவார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்பதும் இடையில் சேரும். வயிறு யாருடையதோ அவருக்கு மூன்றாம் கையாகத்தான் செய்தி வந்து சேர்கிறது. நம் குடும்ப அமைப்பின் பலம் இதில் உண்டு. துணைக்கு ஆளில்லாமல் இங்கே யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. ஆனால் அந்தப் பலத்தையே சாக்காக வைத்து, நோயாளியிடம் நேரே பேசும் கடமையை மருத்துவமனை உறவினர் தோளில் இறக்கிவிடுகிறது.

சட்டம் இந்த இடத்தில் பாதி வழி வந்திருக்கிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிய வழக்கு அது. வயதுவந்தவரின் உடலுக்குத் தாயாரின் சம்மதம் போதாது என்று நீதிமன்றம் சொன்னது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. இவை அனைத்தும் கத்தி வைப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை. கையெழுத்து விழுந்த பிறகு, உள்ளே என்ன கண்டார்கள், நாளை என்ன நடக்கும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லும் கடமைக்கு இவ்வளவு தெளிவான வரையறை எங்கும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-ல் சுகாதார அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசன வரைவில் 17 உரிமைகள் உள்ளன. நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் அளவில் விளக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தன்னைக் கவனிப்பவர் யார், முதற்பொறுப்பு எந்த மருத்துவருக்கு என்று அறியும் உரிமையும் அதில் உண்டு. நல்ல ஆவணம். ஆனால் அதில் கடிகாரம் இல்லை.

கடிகாரம் உள்ள இடங்களைப் பாருங்கள். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள். மருத்துவமனை கேட்ட 3 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. தாளுக்கும் பணத்துக்கும் நேரம் குறித்திருக்கிறோம். பேச்சுக்குக் குறிக்கவில்லை.

விளக்கம் சிகிச்சையின் உறுப்பு என்றேன்; இதை அணியாகச் சொல்லவில்லை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1964-ல் வெளியானது. வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினரிடம் வலி எங்கே வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், அது இயல்பானதுதான், எப்படிப் புரண்டு படுத்தால் வயிற்றுத் தசை தளரும் என்று முன்னிரவே சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் வந்து சொன்னார்கள். விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். யார் எந்தப் பிரிவு என்பது டிஸ்சார்ஜ் முடிவெடுத்த சர்ஜன்களுக்குத் தெரியாது என்பதால் இந்தக் கணக்கைச் சலுகை என்று தள்ளவும் முடியாது. ஒரு மாத்திரை இந்தப் பலனைத் தந்திருந்தால் அறுபது ஆண்டுகளாக அது ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் இருந்திருக்கும். டென்மார்க்கின் கெலெட் 1990-களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறை இன்று பல நாடுகளில் வழிகாட்டியாகிவிட்டது. பெருங்குடல் ஆபரேஷனுக்கான அதன் வழிகாட்டு நெறிகளில், நோயாளிக்கு முன்கூட்டியே விவரம் சொல்வது சிகிச்சையின் படிகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

நம் வார்டில் இது எப்படி நழுவுகிறது என்பதற்கு இன்னொரு காட்சி. மூன்று சிறு பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து, சளி தேங்காமல் இருக்க அதைப் பயன்படுத்த வேண்டும். மூச்சை உள்ளே இழுத்தால்தான் பந்து எழும்பும். "பாட்டி, இத ஊதிக்கிட்டே இருங்க" என்று சொல்லி நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா ஊதினார். பந்து அசையவில்லை. தன்னால் முடியவில்லை, தெம்பு போய்விட்டது என்று முடிவுகட்டிக் கருவியைத் தலையணை ஓரம் வைத்துவிட்டார். மறுநாள் மாலை, பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி ஒருத்தி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஆச்சி, ஊதாதீங்க, ஸ்ட்ரா போட்டு எளநி குடிக்கமாதிரி உறிஞ்சுங்க" என்றாள். முதல் பந்து ஏறியது. தையல் போட்ட இடத்தில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும் என்றும் காட்டிக்கொடுத்தாள். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நான்கு நாட்களில் அம்மாவுக்குக் கிடைத்த மிக நல்ல சிகிச்சைகளில் ஒன்று அது என்றே கருதுகிறேன். கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

அரசு மருத்துவமனைப் பொது வார்டுகளை அறிந்தவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள். அங்கே கூட்டம் அதிகம், மருத்துவருக்கு நேரம் இன்னும் குறைவு. ஆனால் பக்கத்துக் கட்டில் உண்டு. பத்து நாள் முன்பு வெட்டுப்பட்டவர் நேற்று வந்தவருக்கு ஆசானாகிறார். டியூபில் பச்சையாக வருவது பித்தநீர், பயப்பட வேண்டாம். வடிகுழாயில் சிவப்பு குறைந்து மஞ்சளாகிறது, நல்லதுதான். இதெல்லாம் அங்கே கட்டிலுக்குக் கட்டில் பரவும் அறிவு. தவறும் கலந்திருக்கும், ஆனால் தனிமை இல்லை. கதவு சாத்திய ஏ.சி. அறைக்குக் கூடுதலாகப் பணம் கட்டுபவருக்கு இந்தப் பள்ளிக்கூடமும் இல்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது நேரம். இதை நான் மதிக்கிறேன்; ஒரு காலையில் முப்பது நாற்பது கட்டில் பார்ப்பவரிடம் நீண்ட உரையாடலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்த 120 பேரிடம் அமெரிக்காவின் கான்சாஸில் செய்து 2012-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, கட்டிலருகே உட்கார்ந்து பேசியதை நின்றபடி பேசியதைவிட நீண்ட நேரமாக நோயாளிகள் உணர்ந்ததைக் காட்டியது. உண்மையில் உட்கார்ந்தபோது செலவான நேரம் அதிகமில்லை. ஒரு ஸ்டூல் செய்யக்கூடியது அவ்வளவு. இரண்டாவது, நோயாளிக்குப் புரியாது என்ற எண்ணம். அம்மாவுக்கு இலத்தீன் பெயர்கள் புரியாது; 'குடல் முழிச்சிக்கிட்டா தண்ணி குடிக்கலாம், அதுக்குத்தான் கேக்கோம்' என்பது புரியும். மூன்றாவது அச்சம்: வாயைத் திறந்து சொன்னது நாளை வழக்கில் எதிராக வரும், உறவினர் கைநீட்டுவார்கள் என்பது. மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-ல் தனிச்சட்டமே இயற்ற வேண்டிவந்தது. எனவே அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளமாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லாமல், மூன்றாம் நாள் திடீரென ஐ.சி.யூ.வுக்கு மாற்றும்போது, எதையோ மறைக்கிறார்கள் என்று குடும்பம் நினைப்பதில் வியப்பில்லை.

நர்சுகளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரமும் கட்டிலருகே இருப்பவர்கள் அவர்கள். அம்மாவின் டியூபில் பச்சை நீர் வந்தபோது நான் ஓடிப்போய்க் கேட்ட நர்சுக்கு விடை தெரியும். அவர் முகமே சொன்னது. ஆனாலும் "டாக்டர் வந்து சொல்வாங்க சார்" என்றார். முந்திச் சொல்லி, பிறகு மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் வசவு வாங்குவது அவர்தான். அறிந்தவருக்குப் பேச அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் அந்த வேளையில் வேறொரு தியேட்டரில் கை கழுவிக்கொண்டிருப்பார். 2019 முதல் மருத்துவ மாணவர்களின் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல் பரிமாற்றம் ஆகியவை கட்டாயப் பகுதியாகிவிட்டன, வரவேற்கிறேன். ஆனால் பேசக் கற்றுக்கொண்டு வருபவரை, பேசுவது யார் வேலை என்று வகுக்காத வார்டுக்குள் அனுப்பினால், ஓராண்டுக்குள் அவரும் கால்மாட்டில் நிற்பவராகிவிடுவார்.

ஆகவே நான் கேட்பது சிறியது. ஆபரேஷன் முடிந்து மயக்கம் முழுதும் தெளிந்த பின், 24 மணி நேரத்துக்குள், பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் நோயாளியிடம் உட்கார்ந்து அவர் மொழியில் பேச வேண்டும். அவர் மருத்துவராகவும் இருக்கலாம், அதிகாரம் அளிக்கப்பட்ட நர்சாகவும் இருக்கலாம். என்ன செய்தோம், உடம்பில் எந்த டியூப் எதற்கு, நாளை என்ன கேட்போம், ஏன் கேட்போம் என்று சொல்ல வேண்டும். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். கூச்சத்துக்குரிய கேள்விகளைக் கூட்டமாக நின்று கேட்கக் கூடாது. இது நடந்த நேரமும், நடத்தியவர் கையெழுத்தும், ரத்த அழுத்தம் எழுதுகிற அதே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

கேஸ் ஷீட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நாளைய ஆய்வுகள் அதிலிருந்துதான் எழுதப்படும். இன்ன ஆபரேஷனுக்குப் பின் குடல் இயக்கம் திரும்ப இத்தனை நாள் ஆகிறது என்ற சராசரி அந்தத் தாள்களைக் கூட்டித்தான் கிடைக்கும். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. முழுக்க ஆங்கிலம். அவர் அதை வாசித்ததில்லை. நான்காம் நாள் காலை காற்று பிரிந்தது என்று அதில் அச்சாகியிருக்கிறது. இரண்டாம் நாள் இரவு, பத்து மணி வாக்கில் என்பது அம்மாவுக்குத் தெரியும்.