கற்பித்தவர் கருதியதும் கற்றவர் பெற்றதும்

பம்பாய்க்குத் தெற்கே நீண்டு கிடக்கும் கொங்கணக் கரையில், தலைமுறை தலைமுறையாகச் செக்காட்டி எண்ணெய் விற்று வாழ்ந்த மக்கள் சிலர் இருந்தனர். சனிக்கிழமையில் அவர்கள் செக்கில் மாடு பூட்டுவதில்லை. ஆதலின் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று அழைத்தனர். கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. ‘பெனே இஸ்ரேல்’, இஸ்ரவேலின் மக்கள், என்பதே அவர்களுடைய பெயர்.

அவர்கள் பேசியது மராத்தி. ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விலக்குகள், ‘ஷெமா’ என்னும் எபிரேய மந்திரம் ஆகியவற்றை மட்டும் விடாது காத்தனர். அவற்றின் பொருளை உரைக்கும் திருமறையை ஓதும் மொழியறிவு அவர்களிடம் எஞ்சவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அவர்களுட் பலர் பம்பாயில் குடியேறினர். 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பார் அந்நகரின் முதல் யூதத் தொழுகைக்கூடத்தை எழுப்பினார். கொச்சி யூதர்கள் வந்து வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர்.

இந்நிலையில், அமெரிக்க மிஷனரிமார் 1813இலும், ஸ்காட்லாந்து நாட்டு ஜான் வில்சன் 1829இலும் பம்பாய் வந்து சேர்ந்தனர். பழைய ஏற்பாடு இரு சமயத்தார்க்கும் பொது. அதனைக் கற்றறிந்தால் இம்மக்கள் கிறிஸ்துவையும் ஏற்பர் என்பது அவர்கள் எண்ணம். கொச்சி யூத மரபில் பிறந்து கிறிஸ்தவரான மைக்கேல் சார்ஜனும் இவர்களிடையே பணியாற்றினார். பள்ளிகள் தோன்றின. மராத்தி வாயிலாக எபிரேயம் பயில்வதற்கு வில்சன் 1832இல் இலக்கண நூலொன்றை வெளியிட்டார். 1847இல் விவிலியம் முழுவதும் மராத்தியில் வெளிவந்தது.

விளைவு யாது? மதம் மாறியோர் மிகச் சிலரே. ஏனையோர், தம் பாட்டன்மார் காரணம் அறியாமலே காத்த சனிக்கிழமை ஓய்வின் காரணத்தைத் தாய்மொழியில் படித்தறிந்தனர். மாற்றுவதற்கென அளிக்கப்பட்ட கல்வி, அவர்களைத் தம் சமயத்தில் மேலும் உறுதியாக ஊன்றச் செய்தது. ஜோசப் எசக்கியேல் எபிரேய வழிபாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்தார். ஹைம் சாமுவேல் கெஹிம்கர் 1875இல் தம் சமூகச் சிறார்க்கெனப் பள்ளி கண்டார். அவர் 1897இல் எழுதி முடித்த அச்சமூகத்தின் வரலாறு 1937இல் நூலாயிற்று.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் இவர்களுட் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். மும்பையிலும் கொங்கணத்திலும் சிலர் இன்றும் வாழ்கின்றனர்.

வில்சனின் புலமையையும் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அவர் மூட்டிய விளக்கின் ஒளியில் அம்மக்கள் தம் வீட்டையே கண்டுகொண்டனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும், காண்பதற்கு ஒரு வீடு இருந்தது, எழுத்தறியாச் செக்கார் வாரந்தோறும் மாட்டை அவிழ்த்துவிட்ட அந்த ஒரு நாளினால் அன்றோ! பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் நாம், பிள்ளைகள் பொருள் உணர்வதற்கு முன்பே அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டியவை எவை என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.